"யா" சொல்ல முதல்

புதிதாக வேலைக்குச் சேரும் எம்மவரின் வாயில் முதலில் வருகிற ஜேர்மன் சொல் "யா". மைஸ்டர் எதைச் சொன்னாலும் "யா, யா". விளங்கினாலும் யா, விளங்காவிட்டாலும் யா. திருப்பிக் கேட்டால் வேலை போய்விடுமோ என்ற பயம் ஒருபக்கம், பெரியவர்களைக் குறுக்கே கேட்கக்கூடாது என்று வளர்ந்த வளர்ப்பு மறுபக்கம். ஆனால் மைஸ்டருக்கு "யா" என்றால் விளங்கிவிட்டது என்றுதான் அர்த்தம். அதன்பிறகு பிழை வந்தால் கவனமில்லாத ஆள் என்றுதான் நினைப்பார்.

எண்களில்தான் நாங்கள் அதிகம் இடறுகிறோம். 45 ஐ நாங்கள் நாற்பத்தைந்து என்கிறோம். ஜேர்மன்காரர் ஐந்தை முதலில் சொல்லி, நாற்பதைப் பின்னால் சொல்வார். மெஷின் சத்தத்துக்குள் கேட்ட ஒழுங்கிலேயே எழுதினால் 54 ஆகிவிடும். நேரமும் அப்படித்தான். "ஹல்ப் திரை" என்றால் மூன்றரை அல்ல, இரண்டரை. ஒரு மணித்தியாலம் பிந்திப் போனால், முதல் ஷிப்ட்காரர் வீட்டுக்குப் போக முடியாமல் எங்களைத் திட்டிக்கொண்டு நிற்பார். துருக்கிக்காரருக்கும் இதே கரைச்சல்தான். அவர்களும் எங்களைப் போல நாற்பதை முதலில் சொல்பவர்கள். அதனால் எங்கள் மண்டபத்தில் எண் எதுவானாலும் துண்டில் எழுதிக் காட்டி, "இதுவா?" என்று கேட்டுக்கொள்கிறோம். யாரும் சிரிப்பதில்லை.

தலையாட்டலையும் கவனியுங்கள். நாங்கள் பக்கவாட்டில் ஆட்டி "ஓம்" என்போம். அவர்கள் கண்ணுக்கு அது "இல்லை". வாயால் சொல்லிவிடுவது நல்லது.

இனி ஒப்பம். வருடத்துக்கு ஒருமுறையாவது "உன்டர்வைசுங்" வைப்பார்கள். மெஷினின் ஆபத்துகளைச் சொல்லி, முடிவில் தாளில் ஒப்பம் வாங்குவார்கள். எம்மவர் பலர் கண்ணை மூடிக்கொண்டு வைத்துவிட்டுத் தேநீருக்கு ஓடுகிறார்கள். அந்த ஒப்பம், எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள் என்பதற்குச் சாட்சி. பிரெஸ் மெஷினில் ஏன் இரண்டு கையாலும் அழுத்த வேண்டும் என்று விளங்காதவர், ஒரு பொத்தானை எதையாவது வைத்து அழுத்திவிட்டு வேலை செய்யும் ஆளைப் பார்த்துப் பழகிவிடுவார். போவது விரல். 2015 ஆம் ஆண்டு வந்த மெஷின் பாதுகாப்பு விதியின் 12 ஆம் பிரிவு, மெஷினை முதன்முதல் பாவிக்க முதலே, விளங்கும் விதத்திலும் விளங்கும் மொழியிலும் சொல்லித்தர வேண்டும் என்கிறது. ஆகவே "இஷ் ஹாபெ தாஸ் நிஷ்ட் ஃபெர்ஸ்டாண்டன்" (எனக்கு இது விளங்கவில்லை) என்று பேனாவைத் தொட முதல் சொல்லுங்கள். வேலைத்தலத்தில் "பெட்ரீப்ஸ்ராட்" என்ற தொழிலாளர் சபை இருந்தால் அவர்களிடமும் போகலாம். நிரந்தரமாக ஐந்து பேர் வேலை செய்யும் இடத்திலேயே அதைத் தெரிவு செய்யலாம் என்பது சட்டம்.

இன்னொன்று. எங்கள் ஆட்கள் மூன்று பேர் சேர்ந்தால் தமிழ்தான். பக்கத்தில் நிற்பவர் தன்னைப் பற்றித்தான் கதைக்கிறார்கள் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். என்ன கதை என்று உடைந்த ஜேர்மனில் ஒரு வரி சொன்னால், அடுத்த நாள் அவரே காலை வணக்கம் சொல்வார்.

அடுத்த இதழில் சம்பளச் சீட்டில் உள்ள கழிவுகளைப் பார்ப்போம். உங்கள் சீட்டில் விளங்காத சொல் இருந்தால் எழுதி அனுப்புங்கள்.