ஊருக்கு 7 எழுத்து, கம்ப்யூட்டருக்கு 13!

திண்டுக்கல்லில் இருந்து மதுரைக்குப் போகும் வழியில், சின்னாளபட்டியை ஒட்டி இருக்கிறது காந்திகிராமம். கா, ந், தி, கி, ரா, ம, ம் என்று விரல்விட்டு எண்ணினால் ஏழு எழுத்து. ஜாவாஸ்கிரிப்டில் இந்தப் பெயரைக் கொடுத்து 'லெங்த்' எவ்வளவு என்று கேட்டால், 13 என்கிறது. பைத்தான், ஜாவா, கோட்லின் என யாரைக் கேட்டாலும் இதே 13தான்.

கம்ப்யூட்டர் தப்பாக எண்ணவில்லை, வேறு எதையோ எண்ணுகிறது. யூனிகோடில் 'கா' என்பது 'க' ஒன்று, துணைக்கால் ஒன்று. 'ந்' என்றால் 'ந' ஒன்று, மேலே வைக்கும் புள்ளி ஒன்று. இந்த ஊர்ப் பெயரில் தனியாக நிற்பது 'ம' மட்டும்தான். மற்ற ஆறும் இரட்டைக் கணக்கு.

எண்ணிக்கைதானே, போகட்டும் என்று விட முடியாது. ஒரு விண்ணப்பப் படிவத்தில் பெயருக்கு 12 எழுத்து போதும் என்று எச்டிஎம்எல்லின் 'மேக்ஸ்லெங்த்'தில் போட்டுவிட்டார்கள் என வைத்துக்கொள்வோம். முத்துலட்சுமிக்கு ஏழே எழுத்து, ஆனால் கணக்கில் 13. கடைசி 'மி'யின் கொக்கி போய், 'முத்துலட்சும' என்று பதிவாகும். பிறகு பெயர் பொருந்தவில்லை என்று அலுவலகம் அலுவலகமாக அலையப்போவது புரோகிராமர் இல்லை, முத்துலட்சுமி!

எஸ்எம்எஸ்ஸிலும் இதே கதை. ஆங்கிலத்தில் ஒரு மெசேஜுக்கு 160 இடம், தமிழில் 70தான். காந்திகிராமம் என்று ஐந்து முறை எழுதினாலே 65 தீர்ந்துவிடும்.

இதற்கு வழி இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டில் 'இன்டில் செக்மென்டர்' என்றொரு வசதி உண்டு. மொழிக்கு 'டிஏ', அளவுக்கு 'கிராஃபீம்' என்று கொடுத்தால், சமத்தாக ஏழு என்று சொல்லும். 2024 ஏப்ரலில் ஃபயர்பாக்ஸும் சேர்ந்துகொண்டதால், முக்கியமான பிரவுசர்கள் எல்லாவற்றிலும் இப்போது இது வேலை செய்கிறது. ஆண்ட்ராய்டில் 'பிரேக் இட்டரேட்டர்' இருக்கிறது. ஐபோனுக்கு எழுதுகிறவர்களுக்குக் கவலையே இல்லை, ஸ்விஃப்டின் 'கவுன்ட்' தானாகவே ஏழு என்கிறது. ('க்ஷ'வை மட்டும் இவையும் இரண்டாகத்தான் எண்ணும். லக்ஷ்மிகள் மன்னிக்க!)

கல்லூரி மாணவர்கள் இதைச் சோதிக்க விகடகவி போதும். முன்னும் பின்னும் ஒன்றாக வாசிக்கும் சொல் இது. புத்தகத்தில் இருக்கிற சாதாரண முறையில் திருப்பிப்போட்டால், கொக்கி முதலில் வந்து நிற்கும், 'இது அந்த வகைச் சொல் இல்லை' என்று புரோகிராம் சாதிக்கும். செக்மென்டரால் பிரித்துவிட்டுத் திருப்பினால், தெனாலிராமன் மானம் தப்பும்.

இன்னொரு சிக்கல், கண்ணுக்கே தெரியாதது. காந்திகிராமத்தை 1947-ல் தொடங்கியவர் டாக்டர் சௌந்தரம். இவர் பெயரைப் பலர் 'செ' போட்டு, பக்கத்தில் 'ள' போட்டு, 'செளந்தரம்' என்று டைப் செய்கிறார்கள். பார்வைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்று. கம்ப்யூட்டருக்கு ஒன்று 8, இன்னொன்று 9. ஒரு விதமாகப் பதிந்துவிட்டு இன்னொரு விதமாகத் தேடினால், 'அப்படி யாரும் இல்லை' என்று வரும்.

'நார்மலைஸ்' செய்தால் சரியாகாதா? 'கொ' போன்ற எழுத்துகளை இரண்டு துண்டாகச் சேர்த்து எழுதியிருந்தால் அது சரிசெய்துவிடும். 'ள' குழப்பம் அதற்குப் புரியாது. சரி, 'ெ'யும் 'ள'வும் அடுத்தடுத்து வரும் இடத்தை எல்லாம் 'ௌ' ஆக்கிவிடலாம் என்று அவசரப்பட்டால், வெள்ளியும் தெளிவும் சேர்ந்து சிதைந்துபோகும். அதனால் சேமித்த பெயரில் கைவைக்கக் கூடாது. தேடுவதற்கென்று தனியாக ஒரு நகல் வைத்து, அந்த மாற்றத்தை அதில் மட்டும் செய்ய வேண்டும். தேடுகிறவர் அடிக்கும் சொல்லையும் அதே சல்லடையில் போட்டு ஒப்பிட வேண்டும். திரையில் காட்டும்போது, அவரவர் எழுதிக் கொடுத்த பெயரையே காட்டிவிடலாம்.