மீட்டர்ல மேட்டர் இருக்கு!

போன வாரம் செயினைக் கழுவின கறுப்பு நகத்தை விட்டுப் போயிருச்சா? கவலையே வேண்டாம். இந்த வாரம் கை அவ்வளவா அழுக்காகாத வேலைதான்.

முதல்ல ஒரு குட்டி டெஸ்ட். இன்னிக்கு ராத்திரி தெரு விளக்கு இல்லாத இடமாப் பார்த்து வண்டியை நிறுத்துங்க. ஹெட்லைட்டைப் போட்டு மீட்டரைப் பாருங்க. முள்ளு எங்கே நிக்குது, பெட்ரோல் எவ்வளவு காட்டுதுன்னு குனியாம, கண்ணைச் சுருக்காம சொல்ல முடியுதா? முடிஞ்சா இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போயிடலாம். 'இல்ல பாஸ், ஆனா இது எப்பவுமே இப்படித்தான்'னு சொல்றீங்களா? உங்களுக்குத்தான் இந்த வாரம். எப்பவுமே இப்படி இல்லை. வருஷத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமா மங்கினதால உங்க கண்ணு அதுக்குப் பழகிடுச்சு, அவ்வளவுதான்.

எங்க வீட்டு வண்டி கதையைக் கேளுங்க. 2003 மாடல், 100 சிசி. அப்பா வாங்கினது. அம்பத்தூர் எஸ்டேட்ல செகண்ட் ஷிஃப்ட் முடிச்சுட்டு ராத்திரி பதினோரு மணிக்கு மேல ஆவடிக்கு அதுலதான் வருவார். அவர் ரிட்டயர் ஆனதும் சாவி என் கைக்கு வந்துச்சு. போன மாசம் ஒரு ராத்திரி பைபாஸ்ல போயிட்டிருக்கோம். பின்னாடி உட்கார்ந்திருந்த நண்பன், "எவ்ளோல மச்சான் போற?"ன்னான். குனிஞ்சு பார்த்தேன். மீட்டர் இருந்த இடத்துல ஒரு பச்சைக் கறைதான் தெரிஞ்சுது. இன்னும் கொஞ்சம் குனிஞ்சேன். நிமிர்ந்தா... முன்னாடி ஒரு டிராக்டர் டிரெய்லர்! பின்னாடி விளக்கும் இல்லை, ரிஃப்ளெக்டரும் இல்லை. ரெண்டு பிரேக்கையும் சேர்த்து அமுக்கி, வண்டி வாலாட்டி, ஒரு முழம் கேப்ல நின்னோம். வீடு வரைக்கும் ரெண்டு பேரும் வாயைத் திறக்கலை.

மறுநாள் காலையில மெக்கானிக் ஷெட். அண்ணன் எட்டிப் பார்த்தார், மீட்டரை ரெண்டு தட்டு தட்டினார். "உள்ளே எல்லாம் போயிருச்சு தம்பி. மீட்டர் செட்டையே மாத்திரலாம்." நானும் சரின்னு தலையாட்டிட்டு வீட்டுக்கு வந்து அப்பாகிட்டே சொன்னேன். பேப்பரை மடிச்சு வெச்சார். "மாத்தாதடா. அதுல 87 ஆயிரம் இருக்கு."

எனக்கு முதல்ல புரியலை. அப்புறம்தான் உறைச்சுது. ஓடோமீட்டர்! புது மீட்டர் செட் போட்டா அது பூஜ்ஜியத்துலேர்ந்து ஆரம்பிக்கும். 87,412 கிலோமீட்டர், முக்கால்வாசி ராத்திரியில ஓட்டினது, பழைய சாமான் கடைக்குப் போயிடும். பின்னாடி வண்டியை விக்கப்போனா வாங்குறவனும் நம்ப மாட்டான்கிறது தனிக்கதை. ஆக, மீட்டரை மாத்தாம வெளிச்சத்தை மட்டும் திருப்பிக் கொண்டுவரணும். ஞாயித்துக்கிழமை ஸ்க்ரூ டிரைவரோட உட்கார்ந்துட்டேன்.

கழட்டறதுக்கு முன்னாடி கொஞ்சம் விஷயம் தெரிஞ்சுக்கணும். பழைய 100 சிசி வண்டிகள்ல பெரும்பாலும் ஹெட்லைட்டும் மீட்டர் விளக்கும் பேட்டரியில எரியறது இல்லை. இன்ஜினுக்குள்ள சுத்துற மேக்னட் காயில்லேர்ந்து நேரா வர்ற ஏசி கரன்ட்ல எரியுது. இண்டிகேட்டர், ஹாரன், நியூட்ரல் விளக்கு இதெல்லாம்தான் பேட்டரி பார்ட்டி. ஒரே மீட்டருக்குள்ள ரெண்டு குடும்பம் குடித்தனம் பண்ணுது! அதனால ஒரு சுலபமான க்ளூ இருக்கு. சிக்னல்ல நிக்கும்போது மீட்டர் மங்கி, ஆக்சிலரேட்டரை முறுக்கினா பளிச்சுனு ஆகுதா? அது வண்டியோட சுபாவம், நோய் இல்லை. முறுக்கினாலும் மங்கலாவே இருந்து, பக்கத்துல நியூட்ரல் விளக்கு மட்டும் ஜம்முனு எரியுதா? அப்போ கோளாறு மீட்டர் விளக்குக்கு வர்ற வழியிலயோ, பல்புலயோ இருக்கு. மீட்டரோட மெக்கானிசத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. (2017 ஏப்ரலுக்கு அப்புறம் தயாரான வண்டிகள்ல இன்ஜின் ஓடினாலே ஹெட்லைட் எரியும். அதுல வயரிங் வேற மாதிரி இருக்கலாம். உங்களுது அப்படின்னா சர்வீஸ் புக்கைப் பார்த்துக்குங்க.)

இன்னொரு மேட்டர் பல்பு. சாதாரண இழை பல்புக்கு வோல்டேஜ் கொஞ்சம் குறைஞ்சாலும் வெளிச்சம் ஏகத்துக்கும் இறங்கும். பத்து சதவீதம் வோல்டேஜ் குறைஞ்சா வெளிச்சம் முப்பது சதவீதம் காலி. ஆனா அதே பல்போட ஆயுசு பல மடங்கு கூடிடும். காமெடியைப் பாருங்க... வோல்டேஜ் சரியா வந்திருந்தா எப்பவோ ஃபியூஸ் ஆகி, நாமளும் புதுசு வாங்கிப் போட்டிருப்போம். அரைப்பட்டினி கிடக்கிறதால அது சாகாம மினுக்கிட்டே கிடக்குது. நாமளும் மாத்தலை.

சரி, களத்துல இறங்கலாம். சாவியை ஆஃப் பண்ணிட்டு பேட்டரியோட நெகட்டிவ் வயரைக் கழட்டி வைங்க. ஹெட்லைட் கூட்டை ரெண்டு பக்கமும் பிடிச்சிருக்கிற போல்ட்டைக் கழட்டினா முன்பக்கம் சாயும். அந்தப் போல்ட்டை டம்ளர்ல போட்டு வைங்க, தரையில வெச்சா ஆட்டோமேட்டிக்கா காணாமப் போயிடும். உள்ளே கையை விட்டா மீட்டருக்கு அடியில ரப்பர் மூடி மாதிரி சின்னச் சின்ன ஹோல்டருங்க தட்டுப்படும். வயரைப் பிடிச்சு இழுக்கக் கூடாது! ரப்பரைப் பிடிச்சு லேசா ஆட்டி இழுத்தா பல்போட வெளியே வந்துடும். எந்த ஓட்டையில எது இருந்துச்சுன்னு முதல்லயே மொபைல்ல ஒரு போட்டோ எடுத்துடுங்க. நான் எடுக்கலை. அதனால ஒரு நாள் பூரா லெஃப்ட் இண்டிகேட்டர் போட்டா ஹைபீம் விளக்கு கண்ணடிச்சுது.

பல்பைக் கண்ணு முன்னாடி பிடிச்சுப் பாருங்க. கண்ணாடி உள்பக்கம் சாம்பல் பூசின மாதிரி இருக்கா? இழையிலேர்ந்து ஆவியான டங்ஸ்டன்தான் அங்கே போய்ப் படிஞ்சிருக்கு. துடைச்சாப் போகாது, தூக்கிப் போட்டுடுங்க. பல்போட அடியிலயே 12 வோல்ட், இத்தனை வாட்டுன்னு அச்சடிச்சிருக்கும். அதே நம்பர்ல வாங்குங்க. கடையில 'மீட்டர் பல்பு'ன்னு கேட்டா போதும், ஒரு டீ, ஒரு வடை காசுதான் ஆகும். சென்னைப் பசங்களுக்கு ஜி.பி. ரோடு இருக்கு. 'இதைவிட பவரா ஒண்ணு போட்டுக்கோ'ன்னு யாராவது ஐடியா கொடுத்தா ஒரு கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க. அந்தச் சின்ன டப்பாவுக்குள்ள சூடு கூடினா ஹோல்டர் இளகும், டயல் பழுக்கும்.

நான் புது பல்பைப் போட்டேன். பேட்டரி வயரை மாட்டி, ஸ்டார்ட் பண்ணி, ஆர்வமா எட்டிப் பார்த்தேன். கொஞ்சூண்டு தேவலாம். அவ்ளோதான்! மெக்கானிக் அண்ணன் சொன்னதுதான் நிஜமோன்னு ஒரு நிமிஷம் வயித்தைக் கலக்கிடுச்சு.

இங்கேதான் நிறைய பேர் கூட்டை மூடிட்டு எழுந்துடுவாங்க. எழுந்திரிக்காதீங்க. பல்புக்குக் கரன்ட் போற வழியை எல்லாரும் பார்ப்பாங்க, திரும்பி வர்ற வழியை யாரும் பார்க்க மாட்டாங்க. அந்தத் திரும்புற வழிதான் எர்த். ஹோண்டா வழி வந்த வண்டிகள்ல எர்த் வயர் பச்சை நிறம், யமஹாவுல கறுப்பு. அரை மீட்டர் வயர் ஒரு துண்டை எடுத்து ரெண்டு முனையையும் சீவிக்குங்க. ஒரு முனையை ஹோல்டருக்குப் போற எர்த் வயரோட உலோகத்துல தொடுங்க. இன்னொண்ணை ஃபிரேம்ல பெயின்ட் இல்லாத போல்ட் தலையில வைங்க. இன்ஜின் ஓடணும், விளக்கு எரியணும். எர்த் வயர்தான் அதுன்னு நிச்சயமாத் தெரிஞ்சா மட்டும் இதைச் செய்யுங்க. வேற வயர்ல வெச்சா ஷார்ட் ஆகிடும்.

வெச்சேன் பாருங்க... குப்புனு எரிஞ்சுது! 60, 80, 100... எல்லா எண்ணும் வரிசையா முழிச்சுப் பார்க்குது. தெருவுல போன பாட்டி நின்னு வேடிக்கை பார்க்கற அளவுக்குக் கத்திட்டேன்.

மல்டிமீட்டர் வெச்சிருக்கிறவங்க இதையே எண்ணிக்கையிலயும் பார்க்கலாம். ஏசியில வெச்சு, ஒரு முனையை ஃபிரேம்லயும் இன்னொண்ணை ஹோல்டரோட எர்த் பக்கமும் வைங்க. விளக்கு எரியும்போது கிட்டத்தட்ட பூஜ்ஜியம் காட்டணும். எனக்கு 2.1 வோல்ட் காட்டிச்சு. மறுபக்கம் வர்றதே 11.9தான். ஆக, பல்புக்குக் கிடைச்சது 9.8. கணக்குப் போட்டா பாதி வெளிச்சம். (ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்குற மலிவு மீட்டர் இந்த மாதிரி ஏசியைத் துல்லியமா அளக்காது. ஆனா எங்கே விழுங்குதுன்னு கண்டுபிடிக்க அது போதும்.)

திருடன் எங்கே இருந்தான் தெரியுமா? ஹெட்லைட் கூட்டுக்குள்ள, மீட்டரோட பச்சை வயர் மெயின் வயரிங்ல சேர்ற குட்டிக் கனெக்டர்ல. இருபது வருஷ மழையும் தூசும் சேர்ந்து பித்தளை மேல பச்சையா பூத்துக் கிடந்துச்சு. ஜீரோ நம்பர் உப்புத்தாளைச் சுருட்டி உள்ளேயும் வெளியேயும் பித்தளை மின்னுற வரைக்கும் தேய்ச்சேன். லூசா இருந்த கூட்டை பிளேயரால ஒரு நூல் அளவுக்கு அமுக்கினேன். மாட்டும்போது இறுக்கமா 'டக்'னு உட்காரணும். மேல கொஞ்சம் வாசலின் தடவி மூடியாச்சு. ஈரம் புகாது. ஹோல்டருக்குள்ள இருக்கிற பித்தளைத் தகட்டுக்கும் இதே வைத்தியம்தான். மொத்தச் செலவு? பல்பு, உப்புத்தாள். வாசலின் அம்மாவோடது.

'எல்இடி போட்டா என்ன பாஸ்?' போடலாம். ஆனா ஏசி வண்டியில சாதாரண எல்இடி போட்டா படபடன்னு துடிக்கும். ஏசிக்குன்னே உள்ளே பிரிட்ஜ் வெச்சதாக் கேட்டு வாங்கணும். அப்புறம், அந்த நீல வெள்ளை வெளிச்சம் ராத்திரியில கண்ணைக் குத்தும். எனக்குப் பிடிக்கலை. உங்க இஷ்டம்.

மேல் கண்ணாடி வெளிப்பக்கம் கீறி, பால் பூத்த மாதிரி இருந்தா ஈரத்துணியில துளி டூத்பேஸ்ட் வெச்சு வட்டமாத் தேய்ங்க, நல்லாத் தெளியும். பெட்ரோல், தின்னர் கிட்டேயே போகக் கூடாது. அது பிளாஸ்டிக்கை விரிய வெச்சுடும். மீட்டரை மட்டும் திறந்துடாதீங்க. முள்ளு மேல விரல் பட்டுட்டா அப்புறம் வண்டி நின்னாலும் அது இருபதுல போகும்.

அன்னிக்கு ராத்திரி அப்பாகிட்டே எதுவும் சொல்லலை. தோசை மாவு வாங்கிட்டு வரச் சொல்லி சாவியை நீட்டினேன். கிளம்பினவர் தெருமுனையிலயே வண்டியை நிறுத்திட்டார். என்னவோ ஏதோன்னு ஓடினேன். இன்ஜின் ஓடுது, அவர் மீட்டரையே பார்த்துட்டு உட்கார்ந்திருக்கார்.

"ஏண்டா, நான் இவ்ளோ நாளா முப்பதுல போறேன்னுல்ல நெனச்சுட்டு இருந்தேன்..."

"இப்போ?"

"நாப்பத்தஞ்சுடா!"

மாவு வந்து சேர முக்கால் மணி நேரம் ஆச்சு. கடை ரெண்டு தெரு தள்ளித்தான். காலையில ஓடோமீட்டரைப் பார்த்தேன். பதினாலு கிலோமீட்டர் கூடியிருந்துச்சு.