காயலான் கடையில் உங்கள் ஜாதகம்

பழைய கம்ப்யூட்டரை விற்கப் போகிறவரிடம், உள்ளே இருந்ததையெல்லாம் என்ன செய்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். "எல்லாத்தையும் டெலீட் பண்ணியாச்சு சார். ரீசைக்கிள் பின்னைக்கூட காலி பண்ணிட்டேன்" என்பார். படித்தவர், படிக்காதவர், பெரிய ஆபீஸ், சின்ன ஆபீஸ் வித்தியாசமே கிடையாது. இந்த ஒரு விஷயத்தில் நாட்டில் சமத்துவம் வந்துவிட்டது.

டெலீட் என்றால் என்ன? ரேஷன் கார்டில் ஒருவர் பெயரை அடித்துவிட்டால், அவர் வீட்டைக் காலி செய்துவிட்டார் என்று அர்த்தமா? ஹார்ட் டிஸ்க்கில் நடப்பதும் அதேதான். பட்டியலிலிருந்து பெயர் போகிறது. ஆள் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். அந்த இடத்தில் வேறு எதையாவது எழுதும்வரை அங்கேயேதான் இருப்பார். இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளை வைத்துக்கொண்டு ஒரு கல்லூரி மாணவன் அவரை எழுப்பிவிடலாம். 'குவிக் ஃபார்மட்' செய்தாலும் கதை பெரும்பாலும் இதுதான்.

அமெரிக்காவில் எம்.ஐ.டி. மாணவர்களான சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலட் இருவரும் 2000-லிருந்து 2002 வரை 158 பழைய டிஸ்க்குகளை விலைக்கு வாங்கிப் பார்த்தார்கள். 129 வேலை செய்தன. அவற்றில் ஒழுங்காக அழிக்கப்பட்டிருந்தவை வெறும் 12. கிரெடிட் கார்டு எண்கள் மட்டும் 5,000-க்கு மேல் கிடைத்தன. ஒரு டிஸ்க் ஏ.டி.எம். மெஷினில் இருந்தது போலத் தெரிந்தது!

அது அந்தக் காலம், இப்போது எல்லோரும் திருந்திவிட்டார்கள் என்கிறீர்களா? மார்கன் ஸ்டான்லி கதையைக் கேளுங்கள். உலகப் பணக்காரர்களின் காசைப் பார்த்துக்கொள்கிற நியூயார்க் நிறுவனம். 2016-ல் இரண்டு டேட்டா சென்டர்களை மூடியது. டிஸ்க்குகளை அழிக்கும் பொறுப்பை யாரிடம் கொடுத்தார்கள் தெரியுமா? அந்த வேலையில் முன்அனுபவமே இல்லாத, வீடு மாற்றச் சாமான் ஏற்றுகிற ரக கம்பெனி ஒன்றிடம். அது ஆயிரக்கணக்கான சர்வர்களையும் டிஸ்க்குகளையும் இன்னொருவருக்கு விற்றது. கடைசியில் அவை இன்டர்நெட்டில் ஏலத்துக்கு வந்தன, வாடிக்கையாளர் விவரங்களோடு! 2017-ல் ஒக்லஹோமாவில் அவற்றை வாங்கிய ஒருவர், "உங்கள் தகவலெல்லாம் என் கையில் இருக்கிறது" என்று நிறுவனத்துக்கே தெரிவித்தார். 2020-ல் 6 கோடி டாலர், 2022-ல் 3.5 கோடி டாலர் அபராதம். பாதிப்புக்கு ஆளானவர்கள் சுமார் ஒன்றரைக் கோடிப் பேர். விற்றுப்போனவற்றில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கவே இல்லை.

ஜெராக்ஸ் மெஷினும் சாதாரண ஆள் இல்லை. அலுவலகங்களில் இருக்கும் பெரிய டிஜிட்டல் மெஷின்கள் பலவற்றில் ஹார்ட் டிஸ்க் உண்டு. நியூயார்க்கின் அஃபினிட்டி ஹெல்த் பிளான் என்ற மருத்துவக் காப்பீட்டு அமைப்பு, வாடகை மெஷின்களை அழிக்காமல் திருப்பிக் கொடுத்தது. 2010-ல் சி.பி.எஸ். டி.வி. நிருபர்கள் வாங்கிய மெஷின் ஒன்றில் நோயாளிகளின் விவரங்கள் இருந்தன. 3,44,579 பேரின் விவரங்கள் வெளியே போயிருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். 2013-ல் 12 லட்சம் டாலருக்கு மேல் கட்டினார்கள்.

அமெரிக்காக்காரன் கதை நமக்கெதற்கு? நீங்கள் ஆதார் ஜெராக்ஸ் கொடுக்காத இடம் ஒன்றைச் சொல்லுங்கள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, லாட்ஜ், சிம் கார்டு கடை, கடன் கொடுக்கும் கம்பெனி. இவர்களெல்லாம் என்றாவது ஒருநாள் கம்ப்யூட்டர் மாற்றுவார்கள். பழசு ஏலத்துக்கோ காயலான் கடைக்கோ போகும். கம்ப்யூட்டர் அவர்களுடையது. உள்ளே இருப்பது உங்களுடையது. அதை விற்க அவர்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

நம் பாராளுமன்றம் 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. சரியாகப் பாதுகாக்காவிட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். கை தட்டிவிடாதீர்கள். விதிகள் வெளிவந்ததே 2025 நவம்பரில். முக்கியமான கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம் வேறு. இன்னொரு வேடிக்கை, 17-ம் பிரிவு. வேலை முடிந்ததும் தகவலை அழித்துவிட வேண்டும் என்று தனியாருக்குப் போட்ட கடமையிலிருந்து அரசுக்கு விலக்கு! பாதுகாக்க வேண்டிய பொறுப்பு அரசுக்கும் உண்டுதான். ஆனால், நம்மைப் பற்றி அதிகம் தெரிந்துவைத்திருப்பவர் யாரோ, அவருக்கு 'அழி' என்ற கட்டளை கிடையாது. என்ன நியாயம் இது?

செலவு அதிகம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பழைய ரக ஹார்ட் டிஸ்க்கில் 35 தடவை எழுதி அழிக்க வேண்டும் என்றொரு கதை ரொம்ப நாளாகச் சுற்றுகிறது. இன்றைய டிஸ்க்குக்கு, முழுவதும் ஒரே ஒரு தடவை பூஜ்யங்களை எழுதினாலே பொதுவாகப் போதும் என்று அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2014-லேயே எழுதிவிட்டது. மென்பொருள் இலவசம். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் முடிந்திருக்கும். எஸ்.எஸ்.டி.க்கு இது போதாது. அது எழுதும் இடத்தை உள்ளுக்குள் மாற்றிக்கொண்டே இருக்கும். தயாரித்த கம்பெனியே அதற்கென்று தரும் அழிப்புக் கட்டளையைப் பயன்படுத்த வேண்டும். வாங்கிய முதல் நாளே என்க்ரிப்ஷன் போட்டிருந்தால் இன்னும் சுலபம். சாவியை அழித்தால் பெட்டி திறக்காது.

உடனே சுத்தியலைத் தேடாதீர்கள். வேலை செய்யாத டிஸ்க்கை உடையுங்கள், தப்பில்லை. நன்றாக ஓடுகிற டிஸ்க்கை உடைத்தால், செகண்ட் ஹேண்டில் மட்டுமே கம்ப்யூட்டர் வாங்க முடிகிற பையனுக்கு ஒன்று குறையும். குப்பைமேட்டுக்கு ஒன்று கூடும். ஒழுங்காக அழித்துவிட்டு அவனுக்குக் கொடுங்கள்.

வீட்டில் விண்டோஸை ரீசெட் செய்யும்போது டிரைவையும் சுத்தம் செய்யும் வாய்ப்பு ஒன்று வரும். நேரமாகிறதே என்று அதைத் தாண்டிப் போகாதீர்கள். ஆபீசில் ஏல அறிவிப்பு ஒட்டினால், ஒவ்வொரு டிஸ்க்கின் சீரியல் நம்பரோடு அழிப்புச் சான்றிதழ் எங்கே என்று கேளுங்கள். கணக்குத் தணிக்கையில் நாற்காலியை எண்ணுகிறவர்கள் டிஸ்க்கையும் எண்ணட்டும். அடுத்தமுறை எவராவது ஆதார் ஜெராக்ஸ் கேட்டு நீட்டுகிற கையைப் பார்த்து, "இதை எப்ப சார் அழிப்பீங்க?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். முறைப்பார்கள். முறைக்கட்டும். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்குப் பதில் தயாராக இருக்கும்.