காபந்து கோச்

எம்.கே.பி. நகரில் எங்கள் தெருவிலிருந்து முல்லை நகர் கிரவுண்டுக்கு நடந்தே போய்விடலாம். விடியற்காலையிலேயே பந்து உதைபடும் சத்தம் கேட்கும். வியாசர்பாடியைப் பத்திரிகைக்காரர்கள் 'குட்டி பிரேசில்' என்று எழுதுவார்கள். பசங்களுக்கு அது வெறும் 'கிரவுண்டு'தான்.

போன ஞாயிற்றுக்கிழமை கிரவுண்டு ஓரம் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பையன், ஷூவைக் கழற்றி மண்ணைத் தட்டியபடியே கேட்டான்: "பெரியப்பா, ஆடி முடிச்சிட்டா பிளேயருங்கல்லாம் இன்னா பண்ணுவாங்க?"

"கோச் ஆவாங்கடா."

"அப்ப டிவில வர்ற கோச்செல்லாம் ஏன் வெள்ளைக்காரங்களாவே இருக்காங்க?"

டீ ஆறிவிட்டது. பதில் உடனே வரவில்லை.

அவனுக்கு சபீர் பாஷாவைத் தெரியாது. எங்கள் வயதுக்காரர்களுக்கு மறக்காது. 1995 டிசம்பரில் மெட்ராஸில் தெற்காசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. கால்பந்து இறுதி ஆட்டத்தில் வங்கதேசத்தை 1-0 என்று வென்று இந்தியா தங்கம் வாங்கியது. அந்த ஒற்றை கோல் நம்ம ஊர் சபீர் பாஷாவுடையது. இந்தியன் வங்கி அணியின் ஆட்டக்காரர். அந்தக் காலத்தில் சென்னையில் பந்து ஆடுகிறவனுக்கு வங்கி, சுங்கத்துறை, ஐ.சி.எஃப். இவைதான் கனவு. நன்றாக ஆடினால் வேலை கிடைக்கும், வீட்டில் அடுப்பெரியும்.

ஆடி முடித்த பிறகு அவர் பயிற்சியாளர் ஆனார். சென்னையின் எஃப்.சி.யில் பல ஆண்டுகள் துணைப் பயிற்சியாளர். 2018-ல் ஜான் கிரிகரியின் கீழ் அந்த அணி இரண்டாம் முறை ஐ.எஸ்.எல். கோப்பையை வென்றது. அந்த ஆண்டு அரையிறுதியில் கோவாவை 3-0 என்று சாய்த்தபோது ஒரு கோல் போட்டவர் எங்கள் வியாசர்பாடி தனபால் கணேஷ். தலைமை நாற்காலியில் ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். இங்கிலாந்துக்காரர் போனால் ஸ்காட்லாந்துக்காரர், அவருக்குப் பிறகு ஹங்கேரிக்காரர், அப்புறம் மாண்டினீக்ரோக்காரர். பாஷா பக்கத்து நாற்காலியிலேயே இருந்தார்.

2022 பிப்ரவரியில் கோவாவிடம் 0-5 என்று தோற்றதும் அந்த மாண்டினீக்ரோக்காரர் பாண்டோவிச்சை அனுப்பிவிட்டார்கள். பருவம் கைநழுவிப் போன பிறகு, மிச்சமிருந்த சில ஆட்டங்களுக்குப் பொறுப்பு பாஷாவிடம் வந்தது. காபந்து கோச்! அணி எட்டாவது இடத்தில் முடித்தது. அடுத்த பருவத்துக்கு ஜெர்மனியிலிருந்து பிர்டாரிச் வந்தார்.

தோற்ற அணியின் கதை இருக்கட்டும், ஜெயித்தவர் கதையைப் பாருங்கள். 2023 ஏப்ரலில் நம் நாட்டுக்காரர் கிளிஃபோர்ட் மிராண்டா ஒடிசா அணிக்கு இடைக்காலப் பயிற்சியாளராக இருந்து சூப்பர் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். நம்ம சென்னைப் பையன் நந்தகுமார் சேகர் அந்த அணியில் இருந்தார். கோப்பை கையில் இருந்தும், அடுத்த பருவத்துக்கு வந்தவர் ஸ்பெயினின் லொபேரா.

இன்னொரு ஆளைச் சொல்கிறேன். அலெக்சாந்த்ரே கிமாரேஸ், பிரேசிலில் பிறந்து மத்திய அமெரிக்காவின் கோஸ்டா ரிகாவுக்கு ஆடியவர். 1990 உலகக் கோப்பையில் ஆடினார். 2001-ல் அந்த நாடு தேசிய அணியையே அவர் கையில் கொடுத்தது. அதே ஆண்டு ஜூன் 16 அன்று மெக்சிகோவின் அஸ்டெக்கா மைதானத்திலேயே மெக்சிகோவை 2-1 என்று வென்றார்கள். உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் மெக்சிகோ அங்கே கண்ட முதல் தோல்வி அது. 2002-ல் முதல் சுற்றோடு வெளியேறினார்கள். ஆனாலும் 2006 உலகக் கோப்பைக்கு அவரையே திரும்பக் கூப்பிட்டார்கள். மூன்று ஆட்டம், மூன்றும் தோல்வி. அதற்காகக் கோஸ்டா ரிகாக்காரனுக்குப் பயிற்சி கொடுக்கத் தெரியாது என்று யாரும் முடிவு கட்டவில்லை. அவரும் முடங்கிவிடவில்லை. பத்து வருடம் கழித்து நம் நாட்டுக்கே வந்து, 2016-ல் மும்பை சிட்டி அணியைப் புள்ளிப் பட்டியலில் முதலிடத்தில் நிறுத்தினார்.

சி, பி, ஏ, ப்ரோ என்று லைசென்ஸ் படிகள் இருக்கின்றன. படித்து ஏறிவிடலாம். ஆனால் பயிற்சியாளரை உருவாக்குவது சான்றிதழ் மட்டுமில்லை. ஒரு முழுப் பருவம் தோற்று, ஏன் தோற்றோம் என்று யோசித்து, அடுத்த பருவமும் அதே நாற்காலியில் உட்கார வேண்டும். வெளிநாட்டுக்காரர் தோற்றால் ஆள் சரியில்லை என்கிறோம். நம்மவர் தோற்றால் நம்மவர்களே சரியில்லை என்கிறோம். வெளியிலிருந்து வந்தவர்கள் கோப்பை வென்று தந்திருக்கிறார்கள், மறுக்கவில்லை. நம்மவர்களுக்குத் தோற்பதற்குக்கூட இடம் கொடுக்கவில்லை என்பதுதான் என் வழக்கு.

காற்று கொஞ்சம் திரும்பியிருக்கிறது. முன்னாள் ஆட்டக்காரர் காலித் ஜமீல் 2025 ஆகஸ்டில் இந்திய அணியின் பயிற்சியாளர் ஆனார். அதே மாதம் சென்னையின் எஃப்.சி. தலைமைப் பயிற்சியாளராக அறிவித்தது, அந்த மிராண்டாவைத்தான்.

பையனிடம் இவ்வளவையும் சொல்லி முடித்தேன். ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டே, "அப்ப நானும் ஆவலாம்" என்றான்.

நேரு ஸ்டேடியம் கேலரியில் உட்காரும் அண்ணன் தம்பிகளுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். நம்ம ஆள் கோச்சாக நிற்கும்போது இரண்டு மேட்ச் தோற்றதும் 'ஆளை மாத்து' என்று கத்தாதீர்கள். மூன்றாவது மேட்சுக்கும் டிக்கெட் எடுங்கள்.