தள்ளி இருக்க வேண்டியது சாவி மட்டும்தான்

கீலெஸ் காரின் கதவுப்பிடியில் இருக்கும் சென்சாருக்கு விரலும் தண்ணீரும் ஒன்றுதான். சாவி பக்கத்தில் இருக்கும்போது பிடி நனைந்தால் கதவு தானாகப் பூட்டும், திறக்கும், மறுபடி பூட்டும். அதனால்தான் கார் கழுவும்போது சாவியை 2 மீட்டராவது தள்ளி வைக்கச் சொல்கிறது டொயோட்டா கையேடு.

கொடைக்கானலில் அந்த அறிவுரை தேவையே இல்லை. விடிகாலைக் குளிரில் விடுதி வாசலில் ஹோஸ் பிடித்து நிற்பது அங்கே வேலை செய்யும் ஒரு தம்பி. சாவி, அதன் சொந்தக்காரரோடு கம்பளிக்குள் தூங்குகிறது.

2024 மே 7 முதல் இந்த மலைக்கு வர இ-பாஸ் வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவு. சரி, வண்டியை எண்ணிவிட்டோம். வண்டி மேல் ஊற்றும் தண்ணீரை யார் எண்ணுவது? கோடையில் இதே ஊர்க்காரர்கள் குடத்தோடு லாரிக்குக் காத்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். குழாயைத் தொடாதவருக்கு அந்தக் கணக்கு எப்படித் தெரியும்?

ஊருக்குத் திரும்பும்வரை கண்ணாடியைத் துடைத்தால் போதாதா? கழுவியே ஆகணும்னா ஒரு வாளி, ஒரு துணி எடுத்துக்கிட்டு நீங்களே இறங்குங்க. சாவியை அறையிலேயே விட்டுட்டு வாங்க. கையேடு தள்ளி வைக்கச் சொன்னது சாவியைத்தான், உங்களை இல்லை.