ஒளித்த துப்பாக்கியும் ஒழித்த நிபந்தனையும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே, துப்பாக்கியை ஆடைக்குள் மறைத்துச் செல்லும் உரிமை பற்றிய வாதங்கள் இன்னும் ஓய்ந்தபாடில்லை. அவற்றுள் ஒன்று வெளிப்பார்வைக்கு மிகச் சிறியது. மறைத்துக் கொண்டு செல்லும் கைத்துப்பாக்கியின் குழலடியிலே முன்கூட்டியே ரவை ஏற்றி வைத்திருக்கலாமா, கூடாதா என்பதே அது. துப்பாக்கி வைத்திருப்போர் தமக்குள்ளே நடத்தும் இப்பிணக்கிலே, எமது நாட்டுக்கும் பயன்படக்கூடிய ஒரு சட்டக் கேள்வி அடங்கியிருக்கின்றது என்பது எமது கருத்து.

விடயத்தை முதலில் விளங்கிக் கொள்வோம். இக்காலக் கைத்துப்பாக்கியில், ரவைகள் பிடிக்குள்ளே உள்ள ரவைக்கூட்டில் அடுக்கப்பட்டிருக்கும். மேற்பாகத்தைப் பின்னே இழுத்து விட்டால் ஒரு ரவை குழலடிக்குள் ஏறும். பின்னர் விசைவில்லை அழுத்துவது ஒன்றே பாக்கி. ரவை ஏற்றாது வைத்திருப்பவனோ, ஆபத்து வந்த கணத்தில் அதை இழுப்பதற்கு இரு கைகளையும் பயன்படுத்த வேண்டும். ஒரு கையால் எதிரியைத் தடுத்துக் கொண்டிருப்பவனுக்கு அது எங்ஙனம் இயலும்? ஆகவே ஏற்றியே வைத்திருக்க வேண்டும் என்கின்றனர் ஒரு சாரார். இவ்வாதத்தை நாம் எள்ளி நகையாட மாட்டோம். விசைவில்லை அழுத்தினாலன்றிச் சுடும் ஊசி முன்னே நகராதபடி தடுக்கும் பொறி இன்றைய துப்பாக்கிகள் பலவற்றில் உண்டு.

பழைய றிவோல்வர்களில் இப்பாதுகாப்பு இருக்கவில்லை. சுத்தியல் ரவையின் மேலேயே படிந்து கிடக்கும், தட்டுப்பட்டால் வெடிக்கும். அதனாலேதான் ஆறு ரவை கொள்ளும் துப்பாக்கியில் ஐந்தை மட்டும் இட்டு, சுத்தியலின் கீழ் உள்ள அறையை வெறுமையாக விடும் வழக்கம் உண்டாயிற்று. ரூகர் கம்பனி தனது றிவோல்வரின் அமைப்பை மாற்றியது 1973ஆம் ஆண்டிலேதான். பழைய அமைப்பினாலே காலில் வெடிபட்ட ஒருவரின் வழக்கில், கம்பனிக்கு எதிராகத் தண்டனை நட்டஈடும் விதிக்க இடமுண்டு என 1979இல் அலஸ்கா மாநில உயர் நீதிமன்றம் கொண்டது. பொறி திருந்தியதில் பொறியியலாளருக்கு உள்ள பங்கு நீதிமன்றங்களுக்கும் உண்டு என்பதைச் சட்டம் கற்றவர்கள் என்ற முறையில் நாம் குறித்து வைக்கின்றோம்.

எனினும் பொறி திருந்தினாற் போதுமா? ரவை ஏற்றி வைத்திருத்தலை ஆதரிக்கும் பயிற்சியாளர்களே அதற்கு நிபந்தனைகள் விதிக்கின்றனர். விசைவில்லை முழுவதும் மூடுகின்ற உறுதியான உறை வேண்டும். சுடத் துணிந்தாலன்றி விரல் விசைவில்லைத் தீண்டலாகாது. உறையிற் செருகும் வேளையே மிகவும் ஆபத்தானது; சட்டையின் நுனி உள்ளே மாட்டினாலும் வெடிக்கும், ஆதலால் கண்ணாற் பார்த்து மெல்லச் செருகுதல் வேண்டும். துப்பாக்கி உடலோடு இருக்க வேண்டுமேயன்றிக் கைப்பையிற் கிடத்தல் ஆகாது.

இவை வெறும் ஏட்டு விதிகளல்ல. 2008ஆம் ஆண்டு நவம்பரில், நியூயோர்க் நகரத்துக் களியாட்ட விடுதி ஒன்றிலே, அமெரிக்கக் காற்பந்தாட்டத்திற் புகழ்பெற்ற பிளக்சிக்கோ பரஸ் என்பார், உறையின்றி இடுப்பிற் செருகியிருந்த துப்பாக்கி வெடித்துத் தமது தொடையையே சுட்டுக் கொண்டார். அனுமதியின்றி வைத்திருந்த குற்றத்துக்காக இரண்டாண்டுச் சிறைத்தண்டனையும் பெற்றார். அவராவது தம்மைத்தாமே சுட்டார். 2014ஆம் ஆண்டு டிசம்பரிலே, ஐடஹோ மாநிலத்துக் கடையொன்றில், தாயின் கைப்பைக்குள் கைவிட்ட இரண்டு வயதுக் குழந்தையின் கையில் அகப்பட்ட துப்பாக்கி வெடித்து அத்தாய் மாண்டார். அப்பெண்மணியிடம் அனுமதிப்பத்திரம் இருந்தது. எவரும் சட்டத்தை மீறவில்லை.

பயிற்சி பெற்ற பொலிசாரின் நிலை என்ன? விசைவில் எளிதிலே அழுந்திவிடக் கூடாதென்று, சாதாரணமாக ஐந்தரை இறாத்தல் அழுத்தத்தில் இயங்கும் துப்பாக்கியைப் பன்னிரண்டு இறாத்தலுக்கு மாற்றியே நெடுங்காலம் தனது காவலர் கையிற் கொடுத்தது நியூயோர்க் பொலிஸ் திணைக்களம். அவ்வளவு செய்தும், 2012ஆம் ஆண்டு ஓகஸ்டில், எம்பயர் ஸ்ரேற் கட்டடத்தின் முன்னே கொலையாளி ஒருவனை நோக்கிக் காவலர் இருவர் பதினாறு வெடிகள் தீர்த்தபோது, தெருவிலே நின்ற ஒன்பது பேர் காயமுற்றனர்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1911ஆம் ஆண்டின் சலிவன் சட்டத்தின் வழிவந்த நியூயோர்க் விதி, துப்பாக்கியை மறைத்துச் செல்ல விரும்புவோன் 'தகுந்த காரணம்' காட்டவேண்டும் என்றது. காரணம் தகுந்ததா என்று தீர்மானிப்பவர் அதிகாரி. 2022ஆம் ஆண்டு யூன் 23ஆம் திகதி, புறூன் வழக்கிலே, அமெரிக்க உயர் நீதிமன்றம் அவ்விதியைச் செல்லாததாக்கிற்று. அதிகாரியின் விருப்பு வெறுப்பிலே தங்கியிருக்கும் உரிமை உரிமையாகுமா என்ற கேள்வியிலே நியாயம் உண்டு. 1956ஆம் ஆண்டு, மொன்ற்கோமரி நகரிலே தமது வீட்டிற்குக் குண்டு வீசப்பட்ட பின்னர், மாட்டின் லூதர் கிங் துப்பாக்கி அனுமதி கேட்டார், மறுக்கப்பட்டது. அவரினும் தகுந்த காரணம் உடையார் அந்நகரில் யார் இருந்தார்? (அவர் பின்பு துப்பாக்கியையே துறந்து அகிம்சை வழி நின்றது வேறு கதை. அதே 1956 யூனில் காலிமுகத்திடலிலே சத்தியாக்கிரகம் இருந்த எம்மவர் அடியுண்டதும் வாசகர் நினைவில் இருக்கும்.) அதிகாரியின் 'தற்றுணிபு' சிறுபான்மையோரிடத்து எப்படித் தொழிற்படும் என்று எமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

ஆனால் அத்தீர்ப்பு நிபந்தனைகளை ஒழிக்கவில்லை. பின்னணி விசாரணையும் பாதுகாப்புப் பயிற்சியும் கேட்டு அனுமதி வழங்கும் மாநிலங்களின் முறையைத் தான் ஐயுறவில்லை என்று நீதிமன்றமே அடிக்குறிப்பிற் சொல்லிற்று. அதன்வழியே நியூயோர்க் மாநிலம் பதினாறு மணிநேர வகுப்பும் இரண்டு மணிநேரச் சுடும் பயிற்சியும் வேண்டுமென அவ்வாண்டிலேயே சட்டம் இயற்றியது. மறுபுறத்திலே, 2024இல் லூயிசியானாவும் தென் கரோலைனாவும் சேர, இருபத்தொன்பது மாநிலங்களில் மறைத்துச் செல்ல அனுமதிப்பத்திரமே வேண்டியதில்லை என்றாயிற்று. சட்டத்தாற் தடுக்கப்பட்டவன் அல்லன் என்றால் ஒருவன் உறையின்றி, பயிற்சியின்றி, ரவை ஏற்றிய துப்பாக்கியுடன் சந்தையிலே நடக்கலாம். மோட்டார் வண்டி ஓட்டப் பரீட்சை உண்டு, இதற்கு இல்லை. ஏற்றிய துப்பாக்கி பாதுகாப்பானதே என்று வாதிப்போர் எந்த நிபந்தனைகளைக் காட்டி வாதிக்கின்றனரோ, அந்த நிபந்தனைகளையே சட்டசபைகள் கைகழுவி விட்டன. கோரிக்கை நிறைவேறிற்று, அதற்குக் காட்டிய ஆதாரம் கைவிடப்பட்டது. நீதிமன்றத்திலே ஒரு கட்சிக்காரர் இவ்விதம் வழக்காடினால் நீதிபதி சும்மா இருப்பாரா?

எமது நாட்டிலே 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டம் அனுமதிப்பத்திரம் கேட்கின்றது. 1959இல் பண்டாரநாயக்காவைச் சுட்ட துறவி காவியுடைக்குள் றிவோல்வரை மறைத்து வந்ததையும், 2025 பெப்ரவரியிற் புதுக்கடை நீதிமன்றத்திலே சட்டத்தரணி வேடமிட்டவன் சுட்ட றிவோல்வர், குடையப்பட்ட சட்டப் புத்தகத்துள் வந்ததாகப் பொலிசார் கூறியதையும் காட்டி, அனுமதிச் சட்டத்தாற் பயனென்ன என்று கேட்போர் உளர். கொலையாளி அனுமதிப்பத்திரம் கேட்டு வருவதில்லை; அவனைப் பிடிப்பது வேறு சட்டத்தின் வேலை. நாம் பேசுவது அரசிடம் பெற்ற துப்பாக்கியை இடுப்பிற் செருகிக் கொண்டு கலியாண வீட்டுக்கும் பாராளுமன்றத்துக்கும் செல்லும் கனவான்களைப் பற்றியது.

தற்பாதுகாப்புக்கெனக் குடிமக்களுக்கு வழங்கப்பட்ட துப்பாக்கிகளை மீளாய்வுக்காக ஒப்படைக்கும்படி 2024 நவம்பரிலே பாதுகாப்பு அமைச்சு பணித்தது. அம்மீளாய்விலே, இவருக்கு உயிராபத்து உண்டா என்று மட்டும் கேட்கப்பட்டதா? அன்றி, இவர் சுடப் பயின்றவரா, எவ்வகை உறையில் வைத்திருக்கின்றார், வீட்டிலே பிள்ளைகள் கைக்கு எட்டாதபடி பூட்டி வைக்க இடமுண்டா என்றும் கேட்கப்பட்டதா? இக்கேள்விகளை எமது பாராளுமன்ற உறுப்பினர்கள் சபையிலே எழுப்பி, விடையை ஹன்சாட்டிற் பதிவு செய்வித்தல் வேண்டும்.