தையலோடு முடிவதன்று பேறுகாலம்

“தாயும் சேயும் நலம்” என்னும் சொல் அறுவை அறையின் வாயிலில் கேட்டவுடன், வெளியே காத்து நிற்கும் நாம் கடமை முடிந்ததென்று கலைந்துவிடுகிறோம். சேய் நலமே. தாய் நலந்தானா என்று அடுத்த நாள் இரவு அந்த வார்டில் போய்ப் பார்த்தவர் எத்தனை பேர்? சிசேரியன் செய்துகொண்ட பெண்ணுக்கு மருத்துவமனை ஆற்ற வேண்டிய பணி தையலோடு முடிந்தது என்னும் கொள்கையை எவரும் எழுதிவைக்கவில்லை. ஆயினும் பல இடங்களில் நடைமுறையில் இருப்பது அதுவே. அதனை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பேரறிஞர் அல்பிரூனி தமது ‘அல் ஆஸாருல் பாகியா’வில், உரோமப் பேரரசர் அகஸ்டஸ், பேற்று நோவில் இறந்த தாயின் வயிற்றைக் கீறி எடுக்கப்பட்டவர் என்னும் செய்தியைக் குறிக்கிறார். வரலாற்றாசிரியர்கள் அதனை ஏற்பதில்லை. எனினும், அக்கால மாந்தர் இவ்வறுவையை எவ்வாறு அறிந்திருந்தனர் என்பதற்கு அது சான்று. கத்தி அன்று இறந்தவளுக்கு உரியதாயிருந்தது. குழந்தையை எடுத்தபின் அவளுக்கு வேண்டியிருந்தது கஃபன் துணி மட்டுமே. இன்றோ, மயக்க மருந்தும் கிருமி நீக்கமும் இரத்தம் ஏற்றும் முறையும் வளர்ந்துவிட்டதால், உயிரோடிருப்பவளுக்கே அறுவை நடக்கிறது. அறுவைக் கலை இவ்வளவு தூரம் வந்துவிட்டது. அறுவைக்குப் பின் தாயின்பால் நாம் வைக்கும் கவனம் மட்டும் அந்தப் பழங்காலத்திலேயே நின்றுவிடலாமோ?

இஃது எங்கோ ஒருத்திக்கு நேர்வது என்று எண்ண வேண்டா. 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டுப் பேறுகளில் ஏறத்தாழ 45 விழுக்காடு சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் ஏறத்தாழ 64 விழுக்காடு. தேவையின்றி அறுப்பது பற்றிய வழக்கு வேறு. அதனைப் பிறிதொரு நாள் பேசலாம். இத்தனை பெண்களை அறுக்கும் நாடு, அறுத்தபின் அவர்களை எவ்வாறு நடத்துகிறது என்பதே ஈண்டுக் கேள்வி.

குடல்வால் அறுவை செய்துகொண்ட ஓர் ஆடவனைப் பாருங்கள். அவனைப் புரட்டிப் படுக்க வைக்க ஒருவர், கஞ்சி புகட்ட ஒருவர், நலம் கேட்க ஊர் முழுவதும். தோலும் கொழுப்பும் சவ்வும் கருப்பையும் அடுக்கடுக்காய்க் கீறித் தைக்கப்பட்டவளுக்கோ, கால் மரத்த நிலை தெளியுமுன்னரே ஒரு குழந்தை ஒப்படைக்கப்படுகிறது. இரண்டு மூன்று மணிக்கொரு தடவை அவள் பாலூட்ட வேண்டும். இரவு முழுதும் விழித்திருக்க வேண்டும். மறுநாள் எழுந்து நடக்கவும் வேண்டும். நடப்பது நன்றே, காலில் இரத்தம் உறையாமல் அது காக்கும். ஆனால் வலி தணியாமல் எப்படி நடப்பாள்? எப்படிப் பாலூட்டுவாள்?

என் மகளுக்கு இவ்வறுவை நடந்தது. இரண்டாம் நாள் இரவு வலிக்கு மருந்து கேட்டவளுக்கு, “வலியில்லாமல்தானே பெற்றாய், இப்போது பொறுத்துக்கொள்” என்று விடை கிடைத்தது. உடனிருந்த தாயை எட்டு மணிக்கே வெளியே அனுப்பிவிட்டிருந்தனர். தொட்டிலில் அழுத பிள்ளையைத் தூக்கித் தர ஆளில்லை. ஒரு கையால் தையலை அழுத்திப் பிடித்துக்கொண்டு அவளே இறங்கி எடுத்தாள். பால் சுரக்கத் தாமதமானபோது, குழந்தையை மார்பில் அணைத்து வைக்கும் முறையைச் சொல்லித் தருவாரில்லை. புட்டியை வாங்கிவரச் சொல்லும் சீட்டுத்தான் வந்தது. நான்காம் நாள், காய்ச்சல் வந்தால் என்ன செய்வதென்று ஒரு சொல்லும் கூறாமல் வீட்டுக்கு அனுப்பினர்.

“நோயாளிகள் பலர், செவிலியர் சிலர், என்ன செய்வது?” என்பர். உண்மை. ஓர் இரவில் ஒரு வார்டு முழுவதையும் தாங்கும் செவிலியை நாம் குறை கூறவில்லை; அவளைத் தனியே விட்டவர்களையே கேட்கிறோம். ஆள் குறைவென்றால், துணைக்கு வந்த தாயை ஏன் துரத்த வேண்டும்? இன்சொல் ஒன்று சொல்ல எந்த நிதி ஒதுக்கீடு வேண்டும்?

2011இல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி, அரசு மருத்துவமனையில் சிசேரியன் கட்டணமற்றது. ஏழு நாள் வரை உணவும், வீடு திரும்ப வாகனமும் அவளுக்கு உரிமை. அவ்வாறிருக்க, பிள்ளையைக் காட்டுவதற்கும் தள்ளுவண்டி தள்ளுவதற்கும் கை நீட்டுவது எந்தச் சட்டத்தில் உள்ளது?

நம் வீடுகளும் தூயனவல்ல. “வயிற்றைக் கிழித்துப் பெற்றவளுக்குப் பேறுகால அருமை என்ன தெரியும்?” என்று பேசும் நாவுகள் நம்மிடம் உண்டு. தையல் சீழ் பிடிக்குமென்று அஞ்சிப் பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீரை அளந்து கொடுக்கும் பத்தியமும் உண்டு. பாலூட்டுகிறவளுக்குத் தண்ணீரை மறுப்பது மருத்துவமன்று, கொடுமை.

நம் ஃபிக்ஹு நூல்கள் நிஃபாஸுக்கெனத் தனிப் பாடம் வகுத்துள்ளன. ஹனஃபீ மத்ஹபில் அதன் நீண்ட எல்லை 40 நாள். ஷாஃபியீ மத்ஹபில் பெரும்பாலும் 40, மிக நீண்டால் 60. அந்நாட்களில் தொழுகைக் கடமையும் அவள்மீதில்லை. மருத்துவமும் பேற்றுக்குப் பிந்திய காலத்தை ஆறு வாரமென்றே கணக்கிடுகிறது. உலக நலவாழ்வு நிறுவனம் 2022இல் வெளியிட்ட நெறிமுறை, முதல் 24 மணி நேரக் கவனிப்புக்குப் பின்னும், ஆறு வாரத்திற்குள் மூன்று முறையேனும் தாயையும் சேயையும் பார்க்க வேண்டுமென்கிறது. சட்ட நூலும் மருத்துவ நூலும் இவ்வாறு வாரக் கணக்குச் சொல்ல, மருத்துவமனை வாயில் மட்டும் கட்டில் கணக்குப் பார்க்கிறது.

நாம் கேட்பவை அரியன அல்ல. வலி மருந்து, கேட்டபின் அன்று, மணிப்படி வரட்டும். இரவில் ஒரு பெண் துணை உடனிருக்கட்டும். முதற்பாலூட்ட உதவும் கை ஒன்று இருக்கட்டும். காய்ச்சல், மிகுந்த உதிரப்போக்கு, தையலில் சீழ், கெண்டைக்கால் வீக்கம், மூச்சுத்திணறல், கடுந்தலைவலி, ஆறாத மனச்சோர்வு ஆகியவற்றில் எது கண்டாலும் உடனே வரவேண்டுமெனத் தமிழில் அச்சிட்ட தாளொன்று வீடு செல்லும் ஒவ்வொருத்தியின் கையிலும் இருக்கட்டும். இவை சலுகைகளல்ல, அறுவையின் பகுதிகள். இவற்றைச் செய்யாத மருத்துவமனை அறுவையைப் பாதியில் விட்ட மருத்துவமனையே.